ஸ்ட்ரிக்லர் தீவு தேர்ந்த படலம்

நெப்ராஸ்கா நாட்டு மக்காச்சோளக் கடலன்றி மற்றொரு கடல் கண்டறியாதவரும், முப்பத்தோராண்டு தரைவிரிப்பு விற்றுத் தளராத தோளினரும், வெயில்காப்புப் பசையை வெண்சாந்தென வழுக்கையிற் பூசி விளங்குபவரும், முடிவெடுத்தல் என்னும் ஒன்றொழிய மற்றெல்லாக் கலைகளிலும் கரைகண்டவருமாகிய வென்டெல் ஸ்ட்ரிக்லர் வாழ்க! அவர் கொற்றம் வாழ்க! அவர் கழுத்திற் பொலியும் கப்பல் அறைச்சாவி அட்டை வாழ்க! ஏழு நாள், ஐந்து தீவு, ஒரேயொரு நீச்சல் முகக்கண்ணாடி எனப் புறப்பட்ட அப்பெருமகனார் ஆற்றிய பெரும்போரைப் பாடப் புகுமுன், கரிபியக் கடலே, உன் உப்பில் ஒரு துளி எம் நாவில் இடு. பாடும்போது எமக்குச் சிரிப்பு வந்தால் அப்பிழையையும் நீயே பொறு.

ஸ்நார்க்லிங் என்று உலகோர் சொல்லும் அவ்வீர விளையாட்டு யாதெனில், முகத்திற் கண்ணாடியும் வாயிற் குழாயும் பூட்டிக் கடல்மேற் குப்புறக் கிடந்து, முதுகு வெயிலில் வேக, முகம் நீரில் ஊற, தன் பாட்டுக்குப் பாசி தின்றுகொண்டிருக்கும் மீனைக் கண்கொட்டாது பார்த்தல். குழந்தைகள் செய்வர், பல்லில்லாதோரும் செய்வர். ஆயினும் ஸ்ட்ரிக்லர் குலத்தில் எதுவும் எளிதிற் செய்யப்படுவதில்லை. "இழிந்த மீனை இவ்விழிகள் காணா! தீவுகளின் தலைத்தீவில், நீர்களின் தலைநீரில், ஒருமுறை இறங்குவேன். இறங்கின் அதுவே இறக்கம்!" என்று கப்பலேறிய முதல் மாலையே சூளுரைத்தார் அவர். உணவுக்கூடத்தில், இறால் தட்டின் முன் நின்று அவர் வாய்விட்டுச் சொன்னது, "செகண்ட் கிளாஸ் மீனெல்லாம் நான் பார்க்கிறதா இல்ல, கிளெண்டா" என்பது. அவர் மனைவி கிளெண்டா தலையசைத்துவிட்டு எலுமிச்சைத் துண்டொன்றை எடுத்துக்கொண்டார்.

அவ்வீரர் முற்றுகையிட்ட கோட்டை, கப்பலின் ஆறாம் தளத்திலிருந்த, கரைச்சுற்றுலாச் சீட்டு விற்கும் மேசை. ஒன்றரை முழ அகலப் பளிங்குப் பலகையே அதன் மதில். துண்டறிக்கை அடுக்கே அதன் கொத்தளம். அக்கோட்டைக்குள் தனியொருத்தியாய் நின்றவள் செரீஸ் லரோண்ட். டொமினிக்கா தீவின் பாயிண்ட் மிஷெல் கிராமத்தாள். எட்டு மாதமாய்க் கரை மிதித்தும் வீடு மிதியாதவள். அவள் அக்கா ஓடீலுக்குத் தலைப்பிள்ளை பிறந்து பதினோரு நாளாகியிருந்தது. இப்பயணத்தின் ஐந்தாவதும் கடைசியுமான தீவு டொமினிக்கா. அங்கே காலை பத்து மணிக்கு மேசையை மூடி ஒன்றரை மணி வரை கரையிறங்க அவளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார் மேலாளர் ரொமுலோ. ஆனால், மேசைமுன் கடைசியாய் நிற்பவர் போதும் என்று சொல்லும் வரை மேசை மூடலாகாது என்பது கப்பல் விதி. கப்பல் விதியை எழுதியவர் ஸ்ட்ரிக்லரைக் கண்டதில்லை.

முதல் நாள் தாக்குதல் சான் ஹுவான் துறையிலேயே தொடங்கிற்று. நெகிழியுறை போர்த்திய பட்டோலை ஒன்றை மதில்மேல் விரித்தார் வீரர். ஐந்து தீவும் இடப்பக்கம் நிற்க, நீர்த்தெளிவு, மீன்வகை, ஆமைவரவு, அலையடங்கல், நிழல், கழிப்பறைத் தொலைவு எனப் பதினான்கு கட்டங்கள் வலப்பக்கம் அணிவகுத்தன. முப்பத்தோராண்டு விரிப்பு அளந்த கைக்குக் கடல் மட்டும் எம்மாத்திரம்?

"ஏம்மா, இந்த அஞ்சுல எது நம்பர் ஒன்? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

"செயின்ட் தாமஸ் போங்க சார். ஆமை நிறைய வரும். நாளைக்கே பார்க்கலாம்."

"நீ அந்த ஊரா?"

"இல்ல சார்."

"அப்ப உனக்கு எப்படித் தெரியும்?"

இவ்வாறு ஒரே வேல்வீச்சில் அவளைச் சாய்த்தவர், ஆயினும் பெருந்தன்மையால் சீட்டு வாங்கினார். வாங்கிய சீட்டை இரவுணவுக்குப் பின் ரத்து செய்தார். செயின்ட் கிட்ஸ் இதனினும் மேலாயிருந்தால்? செயின்ட் கிட்ஸ் வந்தது. செயின்ட் லூசியாவின் இரட்டை மலையடியில் நீர் இன்னும் நீலமாயிருந்தால்? செயின்ட் லூசியாவும் வந்தது. பார்படோசில் மூழ்கிய கப்பல்களின்மேல் மிதக்கலாமாமே? மிதக்கலாந்தான். ஆனால் மூழ்கிய கப்பலைத் தனிக் கட்டமாய்ச் சேர்ப்பதா, மீன்வகையின்கீழ் அடக்குவதா என்ற பெருவினாவில் அந்நாள் முழுதும் கழிந்தது. தீவுகள் ஒவ்வொன்றாய்க் கட்டியங்காரன் கூவாத மன்னர்போல் வந்து நின்று, பார்த்து, பின்வாங்கிப் போயின. ஒவ்வொரு முறை கூட்டுத்தொகை ஏதேனும் ஒரு தீவின் பக்கம் சாயுந்தோறும், நடுநிலை பிறழாத நம் வீரர் புதிதாய் ஒரு கட்டம் கீறி எல்லாவற்றையும் மீண்டும் சமன் செய்தார். பதினான்கு இருபத்திரண்டாயிற்று. பலகையில் ஊன்றி ஊன்றி அவர் முழங்கை இரண்டும் சிவந்தன. அப்போரில் அவர் பெற்ற விழுப்புண் அவையே.

இந்நாட்களிலெல்லாம் கிளெண்டா, "நான் கொஞ்சம் வெளியில போய்ட்டு வரேன்" என்று துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போவார். சட்டை துண்டு வாங்கப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வார் கணவர். நினைத்த மாத்திரத்தில் மறந்தும் போவார். பட்டோலை ஏந்திய கைக்கு மனைவியை ஏந்த ஓய்வேது?

செரீஸ் இவ்வளவுக்கும் நொச்சி மாலை சூடிய மதிற்காவலர்போல் புன்னகையொன்றை முகத்திற் பூட்டி நின்றாள். அப்புன்னகை கப்பல் கொடுத்தது. உள்ளே ஓடியது அவளுடையது. 'மீனுக்கு இவரைப் பார்க்க என்ன விதியோ' என்று ஒருநாள் நினைத்தாள். 'இவருக்குப் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எங்க அக்கா பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்' என்று மறுநாள் நினைத்தாள்.

ஆறாம் நாள் விடிந்தது. மேகம் மாலையிட்ட பச்சை மலைகள் கப்பலின் சாளரமெங்கும் எழுந்து நிற்க, டொமினிக்காவின் ரோசோ துறையிற் கயிறு கட்டினர். காலை ஒன்பதே முக்காலுக்கு மேசைமுன் இருவர். ஒன்பது ஐம்பதுக்கு ஒருவர். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு எவருமிலர். செரீஸ் மேசைக்கடியில் செருப்பு மாற்றினாள். அக்கா குழந்தைக்கு வாங்கிய சின்னக் குல்லாவைப் பையில் தேடித் தொட்டுப் பார்த்தாள். அப்போது, ஊழிக்காலத்து இடிபோல், ரப்பர் செருப்பின் சளக் சளக் ஒலி தாழ்வாரத்தில் கேட்டது.

"செரீஸ்," என்றார் ரொமுலோ, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னும் ஒருத்தர்."

கைநிறைய பட்டோலையும், தோளில் விலைச்சீட்டு நீங்காத முகக்கண்ணாடியும், காதில் மூன்று நிற எழுதுகோலுமாய் வந்து நின்ற ஸ்ட்ரிக்லரைக் கண்டபோது, உழிஞைப் பூச்சூடிய முற்றுகைப் படையைக் கோட்டைமேல் நின்று காணும் காவலன் நெஞ்சு என்ன பாடு படுமோ அப்பாடு பட்டது அவள் நெஞ்சு.

"இன்னைக்குக் கடைசித் தீவு சார்," என்றாள், எட்டு மாதப் பொறுமையையும் ஒரு மூச்சில் திரட்டி. "ஷாம்பெய்ன் பாறைன்னு பேரு. கடலடியிலேர்ந்து குமிழி குமிழியா வெதுவெதுன்னு தண்ணி வரும். குமிழிக்குள்ளயே மீன் ஓடும். பத்தரைப் படகுல ரெண்டு இடம் இருக்கு. போய்ட்டு வந்துடுங்க."

"நீ இறங்கிப் பார்த்திருக்கியா?"

"நான் நீச்சல் கத்துக்கிட்டதே அங்கதான் சார். அது எங்க ஊரு."

"உங்க ஊரா?" வீரரின் புருவம் வில்லென வளைந்தது. "அப்ப நீ உங்க ஊரைத்தான் சொல்லுவ. இது கணக்குல வராது."

ஊரார் அல்லாதார் சொல் அறியாமையாற் செல்லாது. ஊரார் சொல் அன்பினாற் செல்லாது! இந்நீதியை வகுத்தவர் தராசு பிடித்த கை ஓங்குக! அத்தராசின் ஒரு தட்டிலும் எதுவும் நில்லாதொழிக! செரீஸுக்கு அக்கணம் அந்தப் பட்டோலையை நாலாய் மடித்து அவர் குழாய்க்குள் செருக வேண்டும்போலிருந்தது.

பத்தரைப் படகு போயிற்று. அதன்பின் எழுந்தது அப்போரின் உச்சியாகிய குமிழிப் பூசல். குமிழி என்றொரு கட்டம் கீறப்பட்டது; அதில் ஏனைய நான்கு தீவும் சுழியம் பெற, டொமினிக்கா ஒன்றே பத்து பெறுவதாயிற்று. வெற்றி விளிம்பில் ஒரு கணம் நின்றது உலகம். ஆனால் நுண்மாண் நுழைபுலம் மிக்க வீரர் எழுதுகோலைத் தூக்கினார்: குமிழி கண்ணுக்கு விருந்தென்றால் கூட்டல், மீனை மறைக்குமென்றால் கழித்தலன்றோ? அரை மதிப்பெண் கூட்டுவதா, அரை மதிப்பெண் குறைப்பதா என்று நாற்பத்தைந்து மணித்துளி நடந்த அப்பூசலில், குமிழியின் பருமன் கேட்டார், விரைவு கேட்டார், ஒரு சதுர அடிக்கு எத்தனை என்றார், வெந்நீர் என்றால் எவ்வளவு வெந்நீர் என்றார். சாளரத்துக்கு வெளியே அவளூர்ப் பக்கமாய் ஒரு மழை வந்து, பெய்து, ஓய்ந்து, வெயிலும் அடித்தது.

மதிலுக்குள் நின்று பொருது பயனில்லை என்று தெளிந்த செரீஸ், கதவைத் திறந்து தும்பை சூடி வெளியே வந்தாள்.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா? எங்க அக்காவுக்குக் குழந்தை பிறந்து பதினாறு நாளாச்சு. இதோ இந்த மலைக்கு அந்தப் பக்கந்தான் வீடு. நான் இன்னும் முகம் பார்க்கல. நீங்க போதும்னு சொன்னாத்தான் நான் மேசையை மூடலாம். ஒன்றரைக்குள்ள திரும்பணும் சார்."

அச்சொல் கல்லையும் கரைத்திருக்கும். ஸ்ட்ரிக்லரின் முகம் மலர்ந்தது, கண்கூடக் கசிந்தாற்போலிருந்தது.

"அடடா! பையனா, பொண்ணா?"

"பொண்ணு சார்."

"ரொம்ப சந்தோஷம்மா. நல்லா இருக்கட்டும்." பிறகு, எழுதுகோலின் பச்சை முனையை நீட்டி, "அந்த ஆமைக் கணக்கை மட்டும் இன்னொரு தடவை சொல்லிடு" என்றார்.

எட்டு மாதத்தில் முதன்முறையாய்ச் செரீஸின் முகத்திலிருந்த கப்பலின் புன்னகை கழன்று விழுந்தது. தோற்றவளின் முகமன்று அது. இன்னும் ஒரு வினா வந்தால் வேலை போனாலும் போகட்டும் என்று நிற்பவளின் முகம்.

அவ்வமயம் படியேறி வந்தார் கிளெண்டா. தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. மூக்கைச் சுற்றிக் கண்ணாடி அழுத்திய செவ்வட்டத் தழும்பு. துணிப்பையிலிருந்து சொட்டுச் சொட்டாய்க் கடல் ஒழுகிக் கப்பல் விரிப்பில் வழி காட்டிற்று.

"இன்னும் முடியலையா வென்டெல்?"

"நீ எங்க போயிருந்த?"

"குமிழிப் பாறைக்கு. காலையில துறை வாசல்ல ஒரு வேன்காரர் கூப்பிட்டார், ஏறிட்டேன்."

"இதுக்கு முன்னாடி?"

"நேத்து அந்த மூழ்கின கப்பல். முந்தாநாள் மலையடி. அதுக்கு முன்ன ரெண்டு." கிளெண்டா காதில் விரலை விட்டுக் குலுக்கித் தண்ணீர் எடுத்தார். "அஞ்சும் ஆச்சு. நான் சொன்னேனே, நீ கேட்கல."

ஸ்ட்ரிக்லர் பட்டோலையின் ஐந்து தீவையும் விரலால் எண்ணிப் பார்த்தார். தாம் இருபத்து மூன்று கட்டங்களால் வளைத்தும் பிடிபடாத ஐந்து தீவுகளையும் தம் இல்லாள் துணிப்பையோடு போய்ப் பிடித்து வந்த செய்தி, கோட்டைக்குப் பின்வாசல் உண்டென்று போர் முடிந்தபின் அறிந்த தளபதிக்கு எப்படியிருக்குமோ அப்படியிருந்தது அவருக்கு. ஆயினும் வீரம் குன்றாதவர். இருந்த ஒரே சான்றைப் பற்றினார். இவள் எந்தத் தீவினளும் அல்லள், ஐந்தையும் கண்டவள், நடுநிலையாளி. பட்டோலையைத் திருப்பி மனைவிபால் நகர்த்தி, எழுதுகோலையும் நீட்டிக் கேட்டார்:

"எது பெஸ்ட்டு?"

கிளெண்டா சிறிது நேரம் உண்மையாகவே யோசித்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "தண்ணிதான் உப்பு."

சாய்ந்தது கொடி! உடைந்தது வில்! இருபத்து மூன்று கட்டமும் அச்சொல்லுக்கு எந்தக் கட்டத்தில் இடங்கொடுப்பதென்று அறியாது திகைக்க, மூன்று நிற எழுதுகோல் பலகையினின்று உருண்டு தரையில் வீழ்ந்தது. அதை எடுக்கக் குனிந்த வீரர் நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவர் தோளிலிருந்த முகக்கண்ணாடியின் விலைச்சீட்டு, நீர்காணாப் புத்தொளியோடு, அவர் தோல்விக்குத் தானே எழுதிய நடுகல்லாய் ஆடிக்கொண்டிருந்தது. கிளெண்டா அவர் முழங்கையைப் பிடித்துப் பலகையிலிருந்து மெல்லப் பெயர்த்தெடுத்தார்.

"நீ கிளம்பும்மா," என்றார் செரீஸிடம். "எங்களுக்குப் போதும்."

போதும்! அம்மந்திரச் சொல் பிறந்த மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. வாகை சூடிய செரீஸ் லரோண்ட், பூட்டிய மேசை பின்னே ஒலிக்க, ஆறு தளத்துப் படிகளும் அவள் அடியில் அதிர, காவலர் நீட்டிய கருவியிற் சாவி அட்டை மின்ன, ரோசோத் துறையின் வெயில் அவளை வெண்குடையின்றியே வரவேற்க, இளநீர் விற்போரும் வேன் கூவுவோரும் இருமருங்கும் வழிவிட, தன் மண்ணின் மணம் மூக்கேறிக் கண் கலங்க, கடலோரச் சாலையின் வளைவெல்லாம் தனக்கே வளைந்தனபோல் விரைந்த சிற்றூர்தியில், மடிமேற் சின்னக் குல்லாவை முடிமன்னர் மகுடமென ஏந்தி, நோற்ற நோன்பின் பயன் காணப் பாயிண்ட் மிஷெல் புகுந்தாள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால், முகம் பார்த்து, குல்லாவைத் தலைமாட்டில் வைத்து, சீமைப்பலாவும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி வேனைப் பிடித்தாள்.