மோப்பம் அண்ணே தொட்ட தட்டு

போடிநாயக்கனூரில் மூக்கை மட்டுமே நம்பி வாழ்கிற ஒரே மனிதர் எங்கள் தெரு மோப்பம் அண்ணேதான். ஏலக்காய் வியாபாரி. கல்யாணப் பத்திரிகையைக்கூட முகர்ந்த பிறகுதான் பிரிப்பார். என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் காபியை முகர்ந்து, "பாலு நேத்துக் கறந்தது. யோசிச்சுக்கங்கப்பு" என்று சபையிலேயே சொன்ன புண்ணியவான். வந்த ஜீப்பிலேயே திரும்பினோம்.

ஏலக் கூடத்தில் மாதிரிக் காயைத் தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு பிடி அள்ளி, முகர்ந்து, தரையில் வீசிவிட்டு விலை கேட்பது ஊர் வழக்கம். ஆகாத காய் என்றால் அண்ணே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

மகள் கவிதா சிற்பம் படித்ததில் அவருக்குச் சம்மதமே இல்லை. "வாசமில்லாத சோலி" என்பார். அவள் செய்த எதையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. போன வருஷம், கொச்சியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய நவீனக் கலைச் சந்தையில் அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்குப் போன் போட்டாள்.

"சித்தப்பா, எப்படியாச்சும் அப்பாவக் கூட்டியாந்துருங்க. நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

கெஞ்சிக் கூத்தாடி போடிமெட்டு வழியாகக் கூட்டிப் போனேன். சந்தை முழுக்க அண்ணே கையைப் பின்னால் கட்டியபடியே நடந்தார். உத்தரத்தில் ஒரு துருப்பிடித்த சைக்கிள் தொங்கியது. "ரிப்பேருக்கு விட்டதா தம்பி?" என்றார். வெறும் வெள்ளைத் துணி முன்னால் பெருங்கூட்டம். "இன்னும் ஆரம்பிக்கலை போல. வெரசா வா" என்று என்னை இழுத்தார்.

கடைசி அறையில் நீள மேசை, வரிசையாகத் தட்டுகள், தட்டு நிறையப் பச்சைப் பசேலென்று ஏலக்காய். தொடக் கூடாது என்று பலகை. அண்ணே கண்ணுக்குப் பலகையா தெரியும்? ஒரு பிடி அள்ளினார். முகர்ந்தார். கை பழக்கப்படி தரையில் வீசியது.

சிலீர்!

அத்தனையும் களிமண்ணில் செய்து, சுட்டு, சாயம் பூசிய காய். கவிதா செய்தது. அடப்பாவி மனுஷா, என்று தலையில் கை வைத்தேன். என்ன காரியம் இது என்று மலையாளத்தில் கத்திக்கொண்டு காவலாளி பாய்ந்து வந்தார். "சேட்டா, எந்தா ஈ காணிக்குன்னே!"

கவிதா குறுக்கே ஓடிவந்து காவலாளியை மறித்தாள். கண்ணெல்லாம் நீர், முகமெல்லாம் சிரிப்பு. "விடுங்கண்ணே. ஆகாத காய எங்கப்பா தொடவே மாட்டாரு!"

அண்ணே குனிந்து சில்லு சில்லாகப் பொறுக்கினார். "ஆத்தா, மூக்கு சொல்றதுக்குள்ள கண்ணு ஏமாந்துபோச்சு. நல்லாருக்குத்தா" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் சட்டைப் பையிலிருந்து, உடையாமல் தப்பிய ஒரு மண் காயை எடுத்து எடுத்து முகர்ந்தார்.

"வாசம் வருதாண்ணே?" என்று வம்பிழுத்தேன்.

"வருது தம்பி" என்றார். அந்த மூக்கு பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்காகவே அவரை இன்னும் பிடித்துப்போயிற்று.