லைட்டை க்ளோஸ் பண்ணச் சொன்னது குற்றமா?

மரியாதைக்குரிய அண்ணன் சிரியாகோ அவர்களுக்கு,

இலோயிலோவிலிருந்து தங்கை பெர்பெத்துவா எழுதுவது. மணிலாவில் நீங்களும் அண்ணியும் ஜாய்லினும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படிக்கவும்.

ஊர்ப்பேச்சைக் கேட்டு, கடையை விற்றுவிட்டு உங்கள் கண்ணெதிரே வந்து இருக்கச் சொல்லியிருந்தீர்கள். முடியாது. நடந்தது இதுதான். புயலில் என் சாப்பாட்டுக் கடையின் தகரக் கூரை பாதி பிய்ந்துவிட்டது. அன்று சாயங்காலம் உங்கள் மகள் ஜாய்லின் போன் செய்து, "அத்தை, கடை ஓடுதா?" என்றாள். "கடை க்ளோஸ்" என்றேன். "அப்போ தனியாவா இருக்கீங்க?" என்றாள். பக்கத்து வீட்டு தியோதுலோ, ஓய்வுபெற்ற வாத்தியார், மனைவியை இழந்தவர், ஏணியில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். "இல்லடி, தியோதுலோ இருக்காரு, ரொம்ப க்ளோஸ்" என்றேன். க்ளோஸ் என்று அவர் வீட்டைத்தான் சொன்னேன். நடுவில் ஒரு வாழைமரம்தான். அந்த நேரம் பார்த்து மழைத்தண்ணீர் இறங்கி பல்பு பொறி கக்கியது. "தியோதுலோ, சீக்கிரம் லைட்டை க்ளோஸ் பண்ணுங்க" என்று கத்தினேன். நம் ஊரில் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம்? போனும் அப்போதே செத்துவிட்டது.

உங்கள் மகள் மணிலா முழுக்கச் சொல்ல, மணிலா இலோயிலோவுக்குச் சொல்ல, பங்குச் சாமியார் வந்து, "க்ளோஸா இருக்கிறதுன்னா கோயில்ல மோதிரம் மாத்திக்கிட்டு இருக்கலாமே, பெர்பெத்துவா" என்றார். மீன்காரி லோலிங், "வாத்தியாரும் நீங்களும் க்ளோஸாமே?" என்றாள். "இதைக் கேக்குற அளவுக்கு நீயும் நானும் க்ளோஸா?" என்று மீனை அவள் தட்டிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

கூரை போட்டாயிற்று, கடையும் திறந்தாயிற்று. வாத்தியார் தினமும் சாப்பிட வந்து கடை மூடும்போது நான் மாட்டும் 'க்ளோஸ்' பலகையில் குற்றம் கண்டுபிடிக்கிறார். "க்ளோஸ்டுன்னு எழுதணும். இப்படி எழுதினா கிட்டக்கன்னு அர்த்தம்" என்றார். "கிட்டக்கதானே இருக்கேன்" என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. கட்டினவர் போன பிறகு இந்த அடுப்படியில் நின்றுதான் பிழைத்தேன். யாரோடு க்ளோஸ் என்று இந்த வயதில் என்னைக் கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை, அண்ணா, உங்களுக்கும்தான். எங்களுக்குள் ஒன்றுமில்லை.

அண்ணிக்கு என் அன்பு. ஜாய்லினுக்கு ஆசீர்வாதமும் தலையில் ஒரு குட்டும்.

இப்படிக்கு,
எதற்கும் அஞ்சாத தங்கை
பெர்பெத்துவா

பி.கு.: பிழை பார்க்கச் சொல்லி இதை வாத்தியாரிடம் கொடுத்தேன். 'எங்களுக்குள் ஒன்றுமில்லை' என்ற இடத்தில் பேனாவை ஊன்றினார். பிறகு, "இந்த வரி தப்புன்னு நெனைக்கிறேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அப்போ அடிச்சிருங்க" என்றேன். சாமியாரிடம் நாள் கேட்டுவிட்டோம். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, அண்ணா. கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வரச் சொல்கிறேன்.