பந்தயம் வைக்காதவள்

உருள்நாட்டைப் போலப் பெருமை மிக்க நாடு பூமியில் வேறு இல்லை என்று உருள்நாட்டுப் பாடப்புத்தகம் சொன்னது. மற்ற நாடுகளில் மன்னர்கள் வரி வாங்கினார்கள். உருள்நாட்டு மன்னர் ஒரு மணி நெல்லைக்கூட வரியாகக் கேட்டதில்லை. அதற்குப் பதிலாகத் தலைநகர மண்டபத்தில் ஒரு பெரிய சக்கரம் இருந்தது.

சக்கரத்தில் முப்பத்தேழு அறைகள். பதினெட்டு சிவப்பு, பதினெட்டு கறுப்பு, ஒன்று பச்சை. பௌர்ணமிதோறும் ஒவ்வொரு வீடும் ஒரு மூட்டை நெல்லைப் பந்தயம் வைத்தாக வேண்டும். நிறத்தின் மேல் வைத்து, பந்து அந்த நிறத்தில் விழுந்தால் ஒரு மூட்டை லாபம். ஒரே ஓர் எண்ணின் மேல் வைத்து, அந்த எண்ணே விழுந்தால் முப்பத்தைந்து மூட்டை லாபம். தோற்ற நெல் அரண்மனைக் களஞ்சியத்துக்குப் போகும். பச்சையில் விழுந்தால் எல்லோருடைய நெல்லும் போகும்.

இந்த நாட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. நிறத்தில் வைப்பதே அறிவுடைமை என்றது அமைதிவாணரின் நிதானக் கட்சி. எண்ணில் வைப்பதே வீரம் என்றது இடிமுழக்கனாரின் துணிச்சல் கட்சி. மூன்றாண்டுக்கு ஒருமுறை நடந்த தேர்தலில் வெல்பவர் சுழற்சி அமைச்சராகிச் சக்கரத்தைச் சுற்றுவார். இந்த இரு தலைவர்களும் ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்க மாட்டார்கள் என்று மக்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கீழைக்காடு என்ற ஊரில் அழகுநாச்சி என்ற பெண்ணும் அவளுடைய தம்பி மருதாசலமும் இருந்தார்கள். வயல்கள் அடுத்தடுத்து. அவள் நிதானக் கட்சி. சிவப்பைத் தவிர வேறெதிலும் வைத்தறியாதவள். அவன் துணிச்சல் கட்சி. பதினேழாம் எண்ணைத் தவிர வேறெதையும் தொடாதவன். ஒரு தேர்தலின்போது அவன் அவளைக் கோழை என்றான். அவள் அவனை ஊதாரி என்றாள். அதன்பின் ஆறு வருடங்களாக இருவருக்கும் பேச்சில்லை.

அமைதிவாணர் அமைச்சரானதும் முதல் ஆணை வந்தது. வெற்றி பெறுவோர் தலைக்கனம் கொள்ளாதிருக்க, வென்ற நெல்லில் நாலில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் காணிக்கையாகச் செலுத்த வேண்டும். அடுத்த தேர்தலில் இடிமுழக்கனார், “காணிக்கையை ஒழிப்பேன்!” என்று முழங்கி வென்றார். சொன்னபடியே ஒழித்தார். பிறகு மண்டபத்தில் எழுந்து நின்று அறிவித்தார்:

“பச்சை அறையைக் கண்டு மக்கள் அஞ்சுவதாக அறிகிறோம். அது தனித்து நிற்பதாலேயே அச்சம் தருகிறது என்பது நமது ஆய்வின் முடிவு. ஆகவே அதற்குத் துணையாக இன்னொரு பச்சை அறை வழங்கப்படுகிறது.”

மண்டபம் கைதட்டியது.

மூன்றாண்டுகள் கழித்து அமைதிவாணர் மீண்டும் வந்தார். முந்தைய ஆட்சியின் செயல்களை மதிப்பதே நாகரிகம் என்று இரண்டாவது பச்சையை அப்படியே விட்டுவைத்தார். காணிக்கையையும் திரும்பக் கொண்டுவந்தார். அதற்குள் பல வீடுகளில் பந்தயம் வைக்க நெல் இல்லை. அதைக் கேள்விப்பட்டு அவர் மனம் வருந்தினார். விதைநெல்லையும் பந்தயம் வைக்கும் உரிமை அன்றே மக்களுக்கு வழங்கப்பட்டது. உரிமையைப் பயன்படுத்தாதவர் நாட்டை நம்பாதவராகக் கருதப்படுவார்.

அந்த ஆண்டின் கடைசிப் பௌர்ணமியன்று மண்டபத்துக்கு வெளியே அழகுநாச்சி ஒரு மூட்டையோடு வரிசையில் நின்றாள். அவள் வீட்டில் மிச்சமிருந்த விதைநெல் அவ்வளவுதான். முன்னால் நின்றவன் திரும்பினான். மருதாசலம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவன் காலடியிலும் ஒரே ஒரு மூட்டை.

அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை.

“என்னடா இப்படி ஆயிட்டே?”

“அஞ்சு வருஷமாச்சுக்கா. பதினேழு ஒருதரம்கூட வரலை.” அவன் தலை குனிந்தான். “நீயாவது நல்லா இருப்பேன்னு நெனச்சேன். நிதானமா வைக்கிறவதானே.”

“ஜெயிச்சேன், தோத்தேன், ஜெயிச்சேன், தோத்தேன். ஜெயிச்சதுல பங்கு போச்சு. பச்சை விழுந்தப்போ மொத்தமும் போச்சு. கொஞ்சங் கொஞ்சமாப் போனதால வலி தெரியலை, அவ்வளவுதான்.”

“அப்போ நான் சொன்னதும் தப்பு, நீ சொன்னதும் தப்பா?”

அழகுநாச்சி திறந்திருந்த கதவு வழியாகச் சக்கரத்தைப் பார்த்தாள். அதன் பின்னால் அரண்மனைக் களஞ்சியம் தெரிந்தது. கூரை முட்ட நெல். அதில் எது அவளுடையது, எது அவனுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

“தம்பி, வேகமாத் தோக்கணுமா மெதுவாத் தோக்கணுமான்னுதான்டா நம்ம ரெண்டு பேரும் இத்தனை வருஷமா சண்டை போட்டிருக்கோம்” என்றாள்.

மருதாசலத்துக்குக் கண் கலங்கியது. அதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது.

“சிவப்பா, கறுப்பா, எண்ணா?” என்று கேட்டார் பதிவு அலுவலர், தலை நிமிராமல்.

“வைக்கலைங்க” என்றாள் அழகுநாச்சி.

அலுவலர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “அப்படி ஒரு கட்டம் இதில் இல்லை.”

“கட்டம் உங்களுது. நெல்லு என்னுது.”

மேடையிலிருந்து அமைதிவாணரே இறங்கி வந்தார். “அம்மையே, நிதானமாகச் சிந்தியுங்கள். தாங்கள் இழக்கப்போவது ஒரு மூட்டைதான். வைக்காவிட்டால் இழக்கப்போவது மானத்தை அல்லவா?”

“ஐயா, என் மானம் இந்த மூட்டைக்குள்ளதான் இருக்கு. இதை மண்ணுல போட்டா எனக்கு முளைக்கும். உங்க சக்கரத்துல போட்டா உங்களுக்கு முளைக்கும்.”

காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். அவள் ஈட்டி முனையைப் பார்த்தாள். ஆனாலும் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் மருதாசலமும் தன் மூட்டையைத் தூக்கினான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கறுப்புக்காரன் ஒருவன் குனிந்து மூட்டையை எடுத்தான். எண்ணுக்காரி ஒருத்தி எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் தலைச்சுமையோடு நின்றது. காவலனும் ஓர் ஊரிலிருந்து வந்தவன்தான். ஈட்டியை மெல்ல நிமிர்த்திக்கொண்டான்.

அவர்கள் போனபின் மரபு கெடக் கூடாதென்று அமைதிவாணர் வெறும் சக்கரத்தைச் சுற்றினார். பந்து பச்சையில் விழுந்தது. அரண்மனைக்கு வரலாற்று வெற்றி என்று முரசு அறைந்தார்கள்.

விதைநெல்லை முன்பே தோற்றிருந்த பக்கத்து ஊர்கள் தரிசாகக் கிடந்தன. கீழைக்காடு விதைத்தது. அக்காவும் தம்பியும் இரண்டு வயலுக்கும் சேர்த்தே நாற்று நட்டார்கள். மழை பொய்க்கவில்லை. அறுவடையன்று மருதாசலம் களத்தில் நின்று நெல் குவியலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “யார்கிட்டயும் ஜெயிக்காம வந்த நெல்லுக்கா இது” என்றான். அழகுநாச்சிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த நேரத்தில் ஊருக்குள் ஒரு வண்டி வந்தது. ஒரே வண்டி. அதிலிருந்து அமைதிவாணரும் இடிமுழக்கனாரும் இறங்கினார்கள். புது நெல் வராமல் அரண்மனைக் களஞ்சியம் தீர்ந்துவிட்டதாம்.

“உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு சொன்னாங்களே?” என்றான் மருதாசலம்.

“அது கொள்கை. இது குடும்பம்” என்றார் இடிமுழக்கனார். “என் மகளை இவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன்.”

அமைதிவாணர் தொண்டையைச் செருமினார். “சீர்திருத்தம் கொண்டுவந்திருக்கிறோம். காணிக்கை இல்லை. சக்கரத்தை யார் சுற்றுவது என்பதை இனி மாதாமாதம் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.”

“அந்தப் பச்சையை எடுத்துடுவீங்களா?” என்று கேட்டாள் அழகுநாச்சி.

இரு தலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, உருள்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக, இரு கட்சிகளும் ஒரே குரலில் பேசின.

“அது நாட்டின் ஆன்மா, அம்மையே!”

வீட்டுக்கு வந்தவர்களைப் பட்டினியாக அனுப்புவது அவளுக்குப் பழக்கமில்லை. புது அரிசியில் சோறாக்கி இருவருக்கும் இலை போட்டாள். அவர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கை கழுவ அவளே தண்ணீர் ஊற்றினாள். பிறகு வண்டி வரை வந்து வழியனுப்பினாள். நெல் தரவில்லை.

அன்று மாலையே பக்கத்து ஊரில் இரண்டு மேடைகள் எழுந்தன. ஒன்றில் அமைதிவாணர் இடிமுழக்கனாரைத் துரோகி என்றார். மற்றதில் இடிமுழக்கனார் அமைதிவாணரைக் கோழை என்றார். இருவருமே அன்று மிகச் சிறப்பாகப் பேசியதாகச் சொல்கிறார்கள். கேட்பதற்குத்தான் ஆளில்லை. அந்த ஊர் முழுவதும் வெறும் சாக்குகளோடு கீழைக்காட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தது, விதைநெல் கேட்க.