ஓடாத புரோகிராமின் விடை

எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. கணினி அறிவியலில் பட்டம் வாங்கியவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் பன்னிரண்டு புரோகிராம்கள் மனப்பாடமாகத் தெரியும்.

கொல்கத்தாவில், எங்கள் பெஹாலா வீட்டில் அம்மாதான் லேப் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒப்பிக்கச் சொல்வாள். அவளுக்குக் கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தெரியாது. "கமா தலையில ஒரு புள்ளி இருக்கே, அத விட்டுட்டியேடி" என்பாள். புரோகிராமுக்குக் கீழே இருந்த விடையையும் சேர்த்தே ஒப்பித்தேன். ஐந்து எண்களை ஏறுவரிசையில் அடுக்க வேண்டும் என்றால், எந்த ஐந்து எண்கள் என்பது வரை.

கடைசி செமஸ்டர் செய்முறைத் தேர்வு வந்தது. ஊருக்குள்ளேயே, சால்ட் லேக்கில் ஒரு கம்பெனி வேலைக் கடிதம் கொடுத்திருந்தது. எல்லாப் பாடத்திலும் தேறியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதை நம்பி அப்பா, பதவி உயர்வோடு வந்த சென்னை மாற்றலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சீட்டு எடுத்தேன். அதே ஐந்து எண்கள். தாளில் புரோகிராமை எழுதி, கையோடு விடையையும் எழுதி, அடியில் கோடும் போட்டேன். பிறகுதான் கணினியில் அடித்தேன். திரை முழுக்கப் பிழைச் செய்திகள். பிழை வந்தால் என்ன செய்வதென்று நோட்டில் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். (மூன்று தடவை. சுலோகம் தடுமாறினால் முதலிலிருந்துதானே சொல்வோம்?)

வெளிக்கல்லூரியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் பின்னால் நின்று திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"ரன் ஹொயேச்சே, மா?" ஓடியதா என்று கேட்கிறார்.

"இல்ல சார்."

"அப்ப இந்த விடை எங்கேருந்து வந்தது?"

"எப்பவும் அதான் சார் வரும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமே இல்லை. "சரி, அஞ்சுக்குப் பதிலா ஆறு எண் வெச்சு எழுது. வந்தா பாஸ் போடறேன்."

"ஆறு எங்க நோட்டுல இல்ல சார்."

வேலைக் கடிதம் காலாவதியானது. அடுத்த வருடம் தேறினேன். (ஆறு எண்களுக்கும் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.) அதற்குள் அந்தக் கம்பெனி ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தது.

இப்போது என் மகளுக்கு இரண்டு வயது. உடம்பு லேசாகச் சுட்டால் போதும், தெர்மாமீட்டர் வைப்பதற்கு முன்பே டெங்கு என்று முடிவுகட்டி, ஆஸ்பத்திரிக்குப் பையும் கட்டிவிடுவேன். "புரோகிராம் இன்னும் ஓடல, அம்மா விடைய எழுதிட்டா" என்று கணவர் குழந்தையிடம் சொல்வார். மாமியார் வரைக்கும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அப்பா மட்டும் அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.