பூண்டு தின்று செத்த ரத்தினசாமி

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், எனக்குத் தேவையே இல்லாத பொருளையும் இரண்டாக வாங்கி வருகிறவன் நான். வீடு மேற்கு மாம்பலம். பாலத்தைத் தாண்டினால் தி. நகர் கடைவீதி. அந்தப் பக்கத்தில் வளர்ந்த கை வேறு எப்படி இருக்கும்? இந்தக் குணத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பட்ட அவமானம், எங்கள் இரண்டு குடும்பங்களில் இன்றும் வயிறு வலிக்கச் சிரிப்பதற்குப் பயன்படுகிறது.

பெருங்குடியில் முதல் வேலை. சேர்ந்து பல மாதங்களாகியும் ஆபீசில் நண்பன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் காபி மெஷின் மட்டுமே இருந்தது. பக்கத்து சீட் நஸ்ரின் பரிதாபப்பட்டிருக்க வேண்டும்.

“சேஷு, ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல கேம் ஆடுவோம். வர்றியா?”

கேரம் என்று நினைத்து, பவுடர் டப்பா வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். (அப்போதே அவள் யோசித்திருக்கலாம்.)

அது கேரம் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. நஸ்ரின் கதை சொல்வாள். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பேச வேண்டும். சிக்கலான இடங்களில் பகடை உருட்ட வேண்டும். முந்தின வாரமே ஆபீசில் நான் ரத்தக்காட்டேரியைத் தேர்ந்தெடுத்தேன். அங்கேதான் ஆஃபர் வந்தது. பாத்திரத்துக்கு ஒரு பலவீனத்தை ஏற்றுக்கொண்டால், பதிலுக்கு ஒரு சக்தி கிடைக்கும்.

“எல்லாத்தையும் அள்ளாதே. ஒண்ணே ஒண்ணு எடுத்தா அழகா நடிக்கலாம்” என்றாள் நஸ்ரின்.

யார் கேட்டது? வெயில் ஆகாது, பூண்டு ஆகாது, ஓடும் தண்ணீரைத் தாண்ட முடியாது, யாராவது ‘வாங்க’ என்று சொல்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது, தானியம் சிந்திக் கிடந்தால் எண்ணி முடிக்காமல் நகர முடியாது என்று இருந்த பலவீனங்களையெல்லாம் வாரிக்கொண்டேன். பதிலுக்குப் பறக்கும் சக்தி, புகையாகும் சக்தி, யானை பலம். பெயர் ரத்தினசாமி. (பெயரிலேயே ரத்தம் இருக்கிறதாம். இதை நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.)

நஸ்ரின் வீடு கோட்டூர்புரத்தில், அடையாற்றுக்குப் பக்கத்தில். கதவைத் திறந்த அவள் அம்மா, “வாங்க தம்பி. நீங்க கறி சாப்பிட மாட்டீங்கன்னு சொன்னா. உங்களுக்குன்னு தனிப் பாத்திரத்துல காய் பிரியாணி போட்டிருக்கேன்” என்றார். நான் தலையாட்டியதோடு சரி. மனசெல்லாம் ரத்தினசாமி.

கதை ஆரம்பித்தது. பெசன்ட் நகரில் ஒரு பங்களாவில் அடைபட்டுக் கிடக்கும் பாடகரை மீட்க வேண்டும். கதையில் நேரம் நடுப்பகல். ரத்தினசாமிக்கு வெயில் ஆகாதே! எங்களோடு ஆடிய கார்த்திக் என்னைத் தார்ப்பாயில் சுருட்டி தி. நகரில் ஆட்டோ ஏற்றினான். ஆறு வந்தது.

“ஆட்டோ போகலாம். ரத்தினசாமி தாண்ட முடியாது” என்றாள் நஸ்ரின்.

“ஓடுற தண்ணியைத்தானே தாண்டக்கூடாது? அடையாறு எங்க ஓடுது? அது பாட்டுக்கு நிக்குது!”

பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நஸ்ரினின் அத்தா திரும்பிப் பார்த்தார். “இன்னா தம்பி சொன்னீங்க? வெள்ளம் வந்தப்போ எங்க மாடிப்படி வரைக்கும் வந்துச்சு. நின்னுக்கினா வந்துச்சு?”

அப்பீலே கிடையாது. ரத்தினசாமியைக் கரையில் இறக்கிவிட்டு எல்லோரும் போனார்கள். போகிற போக்கில் யாருடைய மளிகைப் பையோ கிழிந்து கடுகு சிந்தியது. அவர்கள் பங்களாவில் சண்டை போட்டார்கள். யானை பலம் கொண்ட நான் ஆற்றங்கரையில் கடுகு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாய்ப்பில் நடிப்பால் அசத்திவிடுவது என்று முடிவு செய்தேன். நஸ்ரினும் இரக்கப்பட்டு, “எதிரி உன்னைத் தேடி வர்றான். கையில பூண்டு மாலை” என்றாள்.

நாற்காலி கவிழ எழுந்தேன். கண்ணை இறுக மூடி, மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினேன். “ஐயோ, பூண்டு! கிட்ட கொண்டு வராதே! இந்த நாத்தம் என்னைக் கொல்லுது!”

கைதட்டல் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். எதிரே நஸ்ரினின் அம்மா. கையில் ஆவி பறக்கும் காய் பிரியாணி. அதன் மேல் பொன்னிறமாக வதக்கிய முழுப் பூண்டுப் பற்கள்.

“பூண்டும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாது தம்பி. தயிர் சாதம் கொண்டாரேன்” என்று மெதுவாகச் சொல்லித் திரும்பினார். அந்த முகம் வாடியதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

“இல்ல ஆன்ட்டி! தப்பா நெனைக்காதீங்க! நான் ரத்தக்காட்டேரி!”

அத்தா பேப்பரை மடித்து வைத்தார். “நஸ்ரின், இவரு ஆபீஸ்ல இன்னா வேலை பாக்குறாரு?”

கார்த்திக் மேசைக்கடியில் போய்விட்டான். நஸ்ரின் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது. வேலையில் சேர்ந்த பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட முதல் வீடு, இனி கூப்பிடுவார்களா?

சமையலறைக்கு ஓடினேன். விளையாட்டைப் பற்றி உளறலாக விளக்கிவிட்டு, மேடையில் இருந்த தட்டை எடுத்து நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் பூண்டு நுழைந்ததே இல்லை. என் வாழ்க்கையின் முதல் பூண்டு அது. வெண்ணெய் மாதிரிக் கரைந்தது. இத்தனை வருஷம் இது தெரியாமல் என்ன செய்துகொண்டிருந்தேன்?

“இன்னும் கொஞ்சம் கிடைக்குமா ஆன்ட்டி?”

அவர் முகம் மலர்ந்தது. கரண்டியை எடுத்துக்கொண்டே கேட்டார்: “அப்போ உங்க காட்டேரி?”

“செத்துட்டான் ஆன்ட்டி.”

அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். புதிதாக ஒரு ஆளை உருவாக்கினேன். ஒரே ஒரு பலவீனம்: கூச்ச சுபாவம். அதற்கு நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து தி. நகரில் என் கல்யாண ரிசப்ஷன். மேடைக்கு வந்த நஸ்ரினின் அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். “பூண்டைக் காட்டுனா ஓடிருவாருன்னு மட்டும் நம்பாதம்மா. தட்டு தட்டா வாங்கிச் சாப்பிட்ட காட்டேரி இவரு.”

பக்கத்தில் நின்ற என் அம்மா மெல்லத் திரும்பினாள். “பூண்டா? சட்டையெல்லாம் மணந்துதே, கேட்டப்போ பெருங்காயம்னியேடா!”

போட்டோகிராபர் எடுத்தது அந்த நொடியைத்தான். ஹாலில் மாட்டியிருக்கும் படத்தில் என் மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் வாயைப் பிளந்து நிற்கிறேன். அன்றைக்கே இரண்டு அம்மாக்களும் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். இப்போதெல்லாம் கோட்டூர்புரத்திலிருந்து பிரியாணி நேராக எங்கள் வீட்டுக்கே வருகிறது. “டேய், காட்டேரி டப்பா வந்துருக்கு. நம்மாத்துப் பாத்திரத்தோட கலந்துடாதே” என்று அம்மா தள்ளி நின்று குரல் கொடுப்பாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்ததோடு சரி என்கிறாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு மூலையில் ஒரு கரண்டி பிரியாணி குறைந்திருக்கிறது.