லாரிக்குச் சுட்ட கருப்பு முறுக்கு

மாங்காய் சீசனுக்குள் அந்த லாரியை ஓட்டிக் காட்டுவது என்று சபதம் எடுத்துவிட்டேன். ஓட்டுவது என்றால் நானல்ல. எனக்கு ஓட்டத் தெரியாது. என் டிரைவர் மாரப்பன் ஓட்டுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதலாளியாக இருப்பேன்.

இரண்டாம் உலக யுத்த காலத்து வண்டி அது. எழுபத்து நாலில், இடுக்கிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஏலம் எடுத்து, முதலமடைக்கு இழுத்து வந்து என் மாந்தோப்பில் நிறுத்தினேன். மாரப்பன் எஞ்சினுக்குள் தலையை விட்டவன் மாதக்கணக்கில் வெளியே எடுக்கவில்லை. எஞ்சின் பிழைத்துவிட்டது. ரப்பர்தான் செத்துப்போயிருந்தது.

முன் கண்ணாடியைச் சுற்றி ஒரு ரப்பர் உண்டு. ஒரு வாயால் கண்ணாடியைக் கடிக்கும், மறு வாயால் தகரத்தைக் கடிக்கும். தொட்டால் அது அப்பளம் மாதிரி நொறுங்கியது. அது இல்லாமல் கண்ணாடி நிற்காது. கண்ணாடி இல்லாமல் மாரப்பன் மலை ஏறமாட்டான். கோயமுத்தூர்க் கடைகளில் விசாரித்தேன். "இந்த வண்டிக்கு இப்ப யாருங்க ரப்பர் செய்யறாங்க?" என்று சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

என் மனைவி ராமாத்தாள் ஒரு யோசனை சொன்னாள்.

"பேசாம பழைய இரும்புக்காரருக்குப் போட்டுருங்க. அது நிக்கற எடத்துல மாங்காக் கூடை அடுக்கோணும்."

"சீசனுக்குள்ள ஓடும் புள்ள."

"ரப்பருக்கு என்ன பண்ணுவீங்க?"

"நானே செய்யறேன்."

"உங்களுக்கு இட்லி வேகவெக்கத் தெரியுமுங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்லீங்க."

ராமாத்தாள் ஒன்றுமில்லை என்றால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

கொல்லங்கோட்டில் தேய்ந்த டயருக்குப் புதுத்தோல் போடும் கடையில் வேகாத ரப்பர் வாங்கினேன். கந்தகம் கலந்த கருப்புப் பாளம். ஆவியில் வெந்தால்தான் இறுகும். ஆவிக்கு எங்கே போவது? எங்கள் தெருவுக்கே முதலில் வந்த பிரஷர் குக்கர் எங்கள் வீட்டில்தான் இருந்தது. ராமாத்தாள் அதைச் சாமி விளக்கு மாதிரி துலக்கி வைத்திருந்தாள். அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அதைத் தூக்கிக்கொண்டு தோப்பு மோட்டார் ரூமுக்குப் போனேன். களிமண்ணில் அச்சுப் பிடித்து, ரப்பரைத் திணித்து, வேகவைத்தேன். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு எருமைக்கன்று சுருண்டு படுத்திருந்தது.

"ஏனுங்க, குக்கரக் காணோமுங்களே?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்குது."

"என்ன ரிப்பேருங்க?"

"விசில் அடிக்கறதில்ல."

"மோட்டார் ரூம்ல நல்லாத்தானுங்க அடிச்சுது. ஊடு வரைக்கும் கேட்டுச்சே!"

குக்கர் திரும்பி வந்தது. மறுநாள் பருப்பில் டயர் வாசம். ராமாத்தாள் முகம் சுளிக்காமல் பரிமாறினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா? அடியில பின் சக்கரம் இருக்குதுங்க."

நான் முறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். கம்பம்மெட்டில் ஏலக்காய் ஏற்றின அதே மாதிரி லாரி ஒன்று கிடக்கிறதாம். அந்த ரப்பரோடுதான் திரும்புவேன் என்று பஸ் ஏறினேன். அங்கே போனால் லாரியின் சொந்தக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்ககிட்ட ரப்பர் இருக்கா?" என்று கேட்டார்.

வெறுங்கையோடும் வெறும் வயிற்றோடும் வீடு திரும்பினேன். வாசலில் முறம் நிறையக் கருப்பாக முறுக்கு. கேழ்வரகு முறுக்காக இருக்கும், என் மேல் பாவப்பட்டுச் சுட்டிருக்கிறாள் என்று உள்ளம் உருக ஒன்றை எடுத்துக் கடித்தேன். அது என் பல்லைத் திருப்பித் தள்ளியது.

"ஐயோ! அது உங்களுக்கில்லீங்க! லாரிக்குங்க!"

கையில் எடுத்துப் பார்த்தேன். அதே இரண்டு வாய். கண்ணாடிக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று.

"எப்படி புள்ள?"

"நொறுங்கின துண்டு ஒண்ணு கெடந்துதுங்க. அதோட வெட்டு முகத்தப் பாத்தா முறுக்கு அச்சுல புழிஞ்சதாட்டத் தெரிஞ்சுது. பித்தளப் பாத்தரக்காரர்கிட்டக் காட்டி, அதே வடிவத்துல ஓட்டை போட்டு முறுக்கு அச்சுக்கு ஒரு வில்லை வெட்டி வாங்கினேன். மிச்ச ரப்பரப் பெட்ரோல் தெளிச்சுப் பெசைஞ்சு, பரோட்டா மாவாட்ட எளக்கிப் புழிஞ்சேன். நல்லா ஆறவிட்டு, ஒட்டாம இருக்க உங்க மூஞ்சிப் பவுடரத் தூவி, குக்கர்ல வெச்சேன்."

"பவுடர் எவ்வளவு?"

"டப்பா காலீங்க."

கியர் கம்பியின் தலையில் குமிழும் இல்லாமல் இருந்தது. அதையும் செய்திருந்தாள். உடைந்த பிளாஸ்டிக் குடத்தை உருக்கிப் பணியாரக் குழியில் ஊற்றி, இரண்டு பாதிகளை ஒட்டியிருந்தாள். உருண்டையாக, பச்சையாக இருந்தது. மாரப்பன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கண்ணாடி மாட்டும்போதுதான் நான் வாயைத் திறந்தவன் மூட மறந்தேன். ரப்பரின் விளிம்பைத் தகரத்துக்கு மேல் ஏற்ற நானும் மாரப்பனும் திருப்புளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். ராமாத்தாள் எங்களை விலகச் சொன்னாள். ரப்பரின் பள்ளத்தில் பாவாடை நாடாவைச் சுற்றிவரக் கோத்தாள், சோப்புத் தண்ணீர் தடவினாள், எங்களை வெளியே நின்று கண்ணாடியை அழுத்தச் சொல்லிவிட்டு, உள்ளிருந்து நாடாவை மெல்ல உருவினாள். நாடா வர வர, ரப்பர் உதட்டைப் பிதுக்கித் தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது, ஓரமெல்லாம். கடைசி முனை 'டப்' என்று விழுந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவளோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்!

சீசனுக்கு முன்பே வண்டி ஓடியது. முதல் பயணம் காந்தலூருக்கு, முட்டைக்கோசு ஏற்ற. விடிந்ததும் வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டு வந்தேன். மாரப்பன் ஸ்டியரிங்கில் இருந்தான். என் இடத்தில் ராமாத்தாள். நடுவில் மாரப்பனின் மனைவி கமலாத்தாள், மடியில் சோப்புத் தண்ணீர்ப் போசியோடு.

"என்ன புள்ள இது?"

"புது ரப்பருங்க. ஏத்தத்துல வண்டி குலுங்கறப்ப எங்காச்சும் வாய் பொளந்தா உடனே அமுக்கோணும். உங்களுக்கு அமுக்கத் தெரியுமுங்களா?"

தெரியாது. பின்னால் ஏறிக் காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்தேன்.

மறையூர் தாண்டி மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கம் கூரை இல்லை. வேட்டி உடம்போடு ஒட்டிவிட்டது. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டேன். சாக்கும் சொட்டியது. உள்ளே மூன்று பேரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. பக்கத்துச் சன்னலில் ராமாத்தாள் தலை நீட்டினாள்.

"ஏனுங்க! உள்ள ஒரு சொட்டு எறங்கலீங்க!"

"சபாஷ் அம்மிணி!" என்று கத்தினேன். மனசாரத்தான் கத்தினேன். பல் கிடுகிடுத்தது.

"குளுருதுங்களா?"

"ஆமா புள்ள!"

"உங்க பக்கத்துக் கண்ணாடிய ஏத்திக்குங்க!"