தொட்டுட்டு வெலகுறவுக

மனிதர்களை ரகம் பிரிப்பதில் நோட்டம் அண்ணாச்சியை மிஞ்ச சிவகாசி வட்டாரத்தில் ஆள் கிடையாது. நான் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த காலண்டர் கம்பெனியில், காலண்டர் தலையில் தகரப்பட்டை அடிப்பவர் அவர். கைதான் பட்டை அடிக்கும். கண் எந்நேரமும் ஆட்கள் மேலேயே இருக்கும்.

விருதுநகர் பரோட்டா கடை ஒன்றில், பிய்த்துப்போட்டு ஊறவைப்பவர்களையும் தொட்டுத் தின்பவர்களையும் தனித்தனி பெஞ்சில் உட்காரவைத்தால் சால்னா வாளிக்கு அலைச்சல் மிச்சம் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். கடைக்காரர் அவரை எந்த பெஞ்சிலும் சேர்க்காமல் வாசலுக்கு அனுப்பிவைத்தார்.

ஏஜெண்டுகள் போனிலேயே ஆர்டர் போட நான் ஒரு ஆப் செய்திருந்தேன். ஒரு ஆர்டரும் வரவில்லை.

"ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷ காலண்டர் மாடலோட புது ஆல்பம் வெளிய வருது. அன்னைக்கும் ஆர்டர் விழலைன்னா ஆப்பும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்" என்றார் முதலாளி. பெண் வீட்டில் மாப்பிள்ளை சாப்ட்வேர் என்று சொல்லி எனக்கு நிச்சயம் முடிந்திருந்த நேரம்.

எழுத்தைப் பெரிதாக்கினேன். பட்டனைப் பச்சையாக்கினேன். பலனில்லை. ஆபீசுக்கு வந்த ஏஜெண்டுகளை ஆப்பில் ஆர்டர் போட்டுப் பார்க்கச் சொன்னபோது, அண்ணாச்சி இரண்டு நாள் சுத்தியலோடு பக்கத்திலேயே நின்றார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே தம்பி, இவுக மூணு ரகம். தொடவே பயப்படுறவுக ஒண்ணு. தொட்டுட்டு நின்னு பாக்குறவுக ரெண்டு. தொட்டுட்டு வெலகுறவுக மூணு. நம்ம ஏஜெண்டுக முக்காவாசிப் பேரு மூணாவது."

"வெலகுறதுன்னா?"

"அம்புட்டு பேரும் முன்ன பட்டாசு கம்பெனியில இருந்தவுக. திரியில நெருப்பு வச்சா அங்கன நிக்கலாமா? திரும்பப் போயித் தொடலாமா? பட்டனை அமுக்குனதும் போனை மேசையில வச்சிட்டு ரெண்டு எட்டு தள்ளிப் போயிருதாக. நீ அதுக்குப் பொறவு ஆப்புல 'நிச்சயமா?'ன்னு கேக்குத. பதில் சொல்ல அங்கன ஆளு இருந்தாத்தானலே?"

அந்த 'நிச்சயமா?'வைத் தூக்கினேன். ஒரு தரம் தொட்டால் ஆர்டர். ஆடிப்பெருக்கன்று மத்தியானத்துக்குள் ஆர்டர் குவிந்துவிட்டது. முந்நூறு காலண்டர் கேட்க வேண்டிய ஒருவர் முப்பதாயிரம் கேட்டிருந்தார்.

"அவுக நாலாவது ரகம். தொட்டா வெரலை எடுக்காதவுக" என்றார் அண்ணாச்சி.

வேலை தப்பியது, கல்யாணமும் நடந்தது. இப்போது சென்னையில், ஏசி அறையில், ஆப் பயன்படுத்தும் ஆட்களை ரகம் பிரிப்பதற்கென்றே எனக்குச் சம்பளம். அண்ணாச்சி ஆமத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரிடமிருந்து போன் வரும். ஒரே ஒரு ரிங். எடுப்பதற்குள் வைத்துவிடுவார். அவரும் மூன்றாவது ரகம்தான்.

நான்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். அந்த ஒரு ரிங் வருகிறவரை, போனைக் கீழே வைக்க எனக்கு மனசு வராது.